அருவியில் வழுக்கி விழுந்த மாமா

ஒன்று: ரிசல்ட் வந்த காலை

எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்று தென்காசியில் நல்ல சாரல். குடையை மடக்கிக்கொண்டே பிரஸ்ஸுக்குள் நுழைந்தேன். கம்பாசிட்டர்கள் எழுத்துப் பெட்டிகளை விட்டுவிட்டு வாசல் பக்கம் கூடி நின்றார்கள். உள்ளே ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே எங்கள் முதலாளி. இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"வாரும் வே பண்டிதரே" என்றார் முதலாளி. "உம்ம மாமா வழுக்கி விழுந்தாருல்லா, நம்ம எல்லாரையும் சேத்துல்லா இழுத்துட்டு விழுந்திருக்காரு!"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஹெட்மாஸ்டர் சொன்ன பிறகுதான் விளங்கியது. எங்கள் ஊர் ஹைஸ்கூலில் கடைசி வகுப்பான ஆறாவது பாரத்துப் பரீட்சை எழுதிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ரிசல்ட்டை நிறுத்தி வைத்துவிட்டார்கள். தமிழ்ப் பேப்பரில் 'ஓர் இன்பப் பயணம்' என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் குற்றால அருவிக்குப் போயிருந்தார்கள். எல்லோரும் மாமாவோடு போயிருந்தார்கள். எல்லோருடைய மாமாவும் ஒரே பாறையில் வழுக்கி விழுந்து, ஒரே பெரியவரால் காப்பாற்றப்பட்டு, ஒரே மாட்டுவண்டியில் வீடு திரும்பியிருந்தார்.

நோட்ஸ் கட்டுரையில் அந்த மாமாவைப் பெற்றவன் நான். நோட்ஸ் போடுகிற வேலைக்கு வரும் இளைஞர்கள் சிலர் இப்போதும் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் கிடையாது.

இரண்டு: நோட்ஸ் என்கிற தொழில்

வித்வான் பரீட்சை பாஸ் செய்துவிட்டு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கி, வேலை கிடைக்காமல் இந்த பிரஸ்ஸில் வந்து சேர்ந்தவன் நான். முதலாளி ஆதியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்த பிரஸ்ஸை வாங்கிப் போட்டு, பள்ளிக்கூட நோட்ஸில் இறங்கினார். அது யுத்தத்துக்கு முந்திய காலம். பேப்பருக்குத் தட்டுப்பாடு கிடையாது. தட்டுப்பாடெல்லாம் மூளைக்குத்தான் என்று முதலாளியே சொல்லுவார்.

வேலை இதுதான். அடுத்த வருஷத்துக்கு என்ன டெக்ஸ்ட் என்று தெரிந்தவுடன் உட்கார வேண்டும். வரி வரியாகப் படிக்கிற டீடெயில்ட் செய்யுளுக்குப் பதம் பிரித்து, அரும்பதம் சொல்லி, தெளிவுரை எழுதி, 'இடஞ்சுட்டி விளக்குக' என்கிற அனோட்டேஷன் கேள்விக்கு மாடல் ஆன்சர் போட வேண்டும். துணைப்பாடமான நான்-டீடெயில்ட் கதையைச் சுருக்க வேண்டும். பின்னால் கட்டுரைகள். சரித்திரத்துக்கும் பூகோளத்துக்கும் வேறு ஆள் உண்டு. அவர் கோபித்துக்கொண்டு போகும் வருஷங்களில் அதுவும் என் தலையில் விழும். காலையில் செய்யுள், மத்தியானம் பூகோளத்து மழைக்காற்று, சாயங்காலம் முந்தின நாள் கோத்த அச்சுப் பாரத்துக்குப் புரூஃப். கோடை விடுமுறை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. பள்ளிக்கூடம் திறக்கும்போது புத்தகம் கடையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருநெல்வேலிக் கம்பெனிக்காரன் புகுந்துவிடுவான்.

எங்கள் நோட்ஸில் என் பெயர் இருக்காது. 'அனுபவமிக்க பண்டிதர்களால் எழுதப்பட்டது' என்று இருக்கும். பண்டிதர்கள் என்பது நான் ஒருவன்தான்.

அந்த இன்பப் பயணக் கட்டுரையை எழுதிய அன்று எனக்குக் காய்ச்சல். குற்றாலம் பக்கத்தில் இருக்கிறது, அருவியைப் பற்றி எழுதினால் சுலபம் என்று எழுதினேன். வெறும் வர்ணனையாக இருந்தால் மார்க் விழாது, சம்பவம் வேண்டும். அதற்காக மாமாவை வழுக்கி விழவைத்தேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெயரை எழுதித் தொலைக்கக்கூடாதே என்று பெயர் வரவேண்டிய இடத்தில் அடைப்புக்குறி போட்டு, 'மாணவர் தம் மாமன் பெயரை இங்கே எழுதிக்கொள்க' என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். என்னால் முடிந்த ஜாக்கிரதை அது.

மற்ற ஊர்களில் வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகள் பெயர் போட்டிருந்தார்கள்; எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தக் குறிப்பையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். 'என் மாமா (மாணவர் தம் மாமன் பெயரை இங்கே எழுதிக்கொள்க) என்னை அன்புடன் அழைத்துச் சென்றார்.' பேப்பருக்குப் பேப்பர் இப்படி இருந்தால் திருத்துகிறவர் என்ன நினைப்பார்? மனப்பாடம் செய்கிற பிள்ளை அடைப்புக்குறியை மனப்பாடம் செய்யுமா? புத்தகத்தை ஹாலுக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்த்து எழுதினால்தான் இப்படி வரும். ஹாலில் காப்பி நடந்திருக்கிறது என்று சீஃப் எக்ஸாமினர் எழுதிவிட்டார்.

மூன்று: சீசன் வீடு

இதற்குள் இன்னொரு சங்கடம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மீதி புரியாது.

எங்கள் முதலாளி நோட்ஸுக்கு ஆர்டர் பிடித்தது கடையில் அல்ல, அருவியில். குற்றால சீசன் தொடங்கியதும் அருவிக்குப் போகிற வழியில் மேலகரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிப்பார். சமையலுக்கு ஆள், எண்ணெய் தேய்த்துவிட ஆள், வண்டி எல்லாம் தயாராக இருக்கும். பல ஜில்லாக்களிலிருந்தும் ஹெட்மாஸ்டர்கள், தமிழ் வாத்தியார்கள், பாடப்புத்தகக் கமிட்டிக்காரர்கள் வருவார்கள். எண்ணெய் தேய்த்து, அருவியில் குளித்து, உளுந்தஞ்சோறு சாப்பிட்டுத் தூங்கி எழுவார்கள். நோட்ஸ் என்கிற பேச்சே யாரும் எடுக்கமாட்டார்கள். ஊருக்குப் போன பிறகு ஆர்டர் வரும். சீசன் முடிகிறவரை அந்த வீட்டை மேற்பார்வை பார்ப்பதும் என் வேலை. வருகிறவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பேன். தண்ணீர் எப்படி விழுகிறது என்று முன்னால் போய்ப் பார்த்து வந்து சொல்லுவேன். படித்த படிப்பு அதற்கும் உதவிற்று.

அந்த வருஷம் சீசன் வீட்டுக்கு வர ஒப்புக்கொண்டிருந்த பெரிய விருந்தாளி அதே சீஃப் எக்ஸாமினர்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அந்தப் புத்தகம் எங்களுடையது என்று அவருக்குத் தெரியாது.

"நீரு வாயத் தொறக்கப்படாது, சொல்லிட்டேன்" என்றார் முதலாளி. "நம்ம நோட்ஸ்தான்னு தெரிஞ்சா, இத எந்தப் பள்ளிக்கூடத்துலயும் வச்சிருக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுருவாவ. அப்புறம் நானும் நீரும் திரும்ப மொளகா வத்தல் விக்க வேண்டியதுதான்."

"பிள்ளைங்க கதி?"

"அடுத்த மாசியில திரும்ப எழுதட்டும். ஒரு வருசம் போனா என்ன, மலையா சாஞ்சிரும்?"

எனக்கும் அதை மறுத்துப் பேசத் தெம்பில்லை. வீட்டில் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். தலையை ஆட்டிவிட்டு மேலகரத்துக்கு வண்டி ஏறினேன்.

நான்கு: ஞானம்

மறுநாள் சாயங்காலம் சீசன் வீட்டு வாசலில் ஒரு பெண்பிள்ளையும் அவள் அம்மாவும் வந்து நின்றார்கள். அம்மாவை எனக்குத் தெரியும். யேசடியாள் என்று பெயர். சீசனில் அருவிக்குப் போகிற வழியில் மங்குஸ்தானும் பலாச்சுளையும் கூடையில் வைத்து விற்பவள். புருஷன் கொழும்புக்குப் போனவன், போனவன்தான். மகள் ஞானம் எங்கள் ஹைஸ்கூலில் ஆறாவது பாரம் வரை வந்த ஒரே பெண்.

"ஐயா, ஹெட்மாஸ்டர் ஐயா உங்கள போய்ப் பாக்கச் சொன்னாவ" என்றாள் யேசடியாள். "இவ ரிசல்ட்ட நிப்பாட்டிட்டாவளாம். காப்பி அடிச்சான்னு சொல்லுதாவ. எம் பிள்ள அப்படிப்பட்டவ இல்ல ஐயா."

"தெரியும்மா. அடுத்த தடவை எழுதலாமே" என்றேன். முதலாளி சொன்னதைத்தான் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வாய் கசந்தது.

அந்தப் பெண் குனிந்த தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னாள். "பாளையங்கோட்டை டீச்சர் டிரெய்னிங் ஸ்கூல்ல எடம் தந்திருக்காவ ஐயா. ரிசல்ட்டக் கொண்டாந்தாத்தான் சேத்துக்கிடுவாவ. மிஷன் துரைசானியம்மா எனக்குப் படிப்புச் சம்பளம் கட்டுதேன்னு சொல்லியிருக்காவ. அவுக இந்த வருசத்தோட சீமைக்குப் போறாவ. அடுத்த வருசம் கட்டுததுக்கு யாரும் இல்ல."

"அப்படின்னா?"

"அப்படின்னா கூடதான் ஐயா" என்றாள் யேசடியாள். தன் பழக்கூடையைத்தான் சொன்னாள்.

ஒரு வருஷம் போனால் என்ன என்று கேட்ட முதலாளி அங்கே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கட்டுரைக்காக ஒரு பெண் ஆயுசுக்கும் கூடை தூக்கவேண்டுமா என்று நினைத்தபோது எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. முதலாளிமேல் அதைவிட வந்தது.

"நாளைக்குக் காலையில பிள்ளையக் கூட்டிட்டு இங்கன வாம்மா. வெளிய நில்லுங்க. நான் கூப்பிடுதேன்" என்றேன்.

ஐந்து: எண்ணெய்ப் பலகையில்

சீஃப் எக்ஸாமினர் அன்றிரவு வந்து இறங்கினார். காலையில் முற்றத்தில் பலகை போட்டு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தார். எங்கள் சீசன் வீட்டில் ஒரு மரியாதை உண்டு. விருந்தாளி எண்ணெயோடு உட்கார்ந்திருக்கும்போது காரியம் எதுவும் பேசக்கூடாது. அருவிக்குப் போய்த் தலை குளிர்ந்து வந்த பிறகு அவரே பேசினால் பேசலாம். முதலாளி இதில் ரொம்பக் கண்டிப்பு. அன்றைக்கு எனக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. முதலாளியும் வந்து பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குளித்து வரும்வரை காத்திருந்தால் என் தைரியம் அடங்கிவிடும் என்று பயமாக இருந்தது.

"சார், தென்காசிப் பிள்ளைங்க விஷயம்" என்றேன்.

முதலாளி இருமினார். எண்ணெய் தேய்க்கிறவர் கையை நிறுத்திவிட்டார்.

"அந்த மாமா விஷயமா?" சீஃப் எக்ஸாமினர் கண்ணைத் திறக்கவில்லை. "முப்பது வருஷ சர்வீஸ்ல நான் இப்படிக் காப்பி பார்த்ததில்லை. அடைப்புக்குறி மொதக்கொண்டு அடிச்சிருக்கான்."

"காப்பி இல்ல சார். மனப்பாடம்."

"அடைப்புக்குறியை எவனாவது மனப்பாடம் பண்ணுவானா, ஓய்?"

"எங்க பிள்ளைங்க பண்ணும் சார். அச்சுல இருக்கிறது எதையும் விடக்கூடாதுன்னு படிக்கிற பிள்ளைங்க. வாத்தியாரும் அப்படியே ஒப்பிக்கச் சொல்லுவார். விட்டா அடி விழும். அந்தக் குறிப்பு எதுக்கு இருக்குன்னு யாரும் அதுங்களுக்குச் சொல்லல."

"உமக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் குறிப்ப எழுதினதே நான்தான் சார். எங்க பிரஸ் புத்தகம்தான்."

சீஃப் எக்ஸாமினர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். எண்ணெய் வழிகிற முகத்தில் கோபம் எவ்வளவு, சிரிப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை.

"நீர் சொல்றதை நான் எப்படி நம்பறது?"

"ஒரு பிள்ளை வாசல்ல நிக்குது சார். நீங்களே கேளுங்க."

ஆறு: ஒப்புவித்தல்

ஞானம் வந்து முற்றத்து ஓரத்தில் நின்றாள். பெரிய அதிகாரி இடுப்பில் துண்டோடு, தலையில் எண்ணெயோடு உட்கார்ந்திருப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் அம்மா வாசல்படியில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பரீட்சையில எழுதின கட்டுரையைச் சொல்லு" என்றார் அவர்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். 'முன்னுரை' என்று தலைப்பையும் சொன்னாள். இயற்கை எழில், வெள்ளிக்கம்பிகள், மந்திகள் எல்லாம் வந்தன. நான் காய்ச்சலில் எழுதியது எழுத்துப் பிசகாமல் என் முன்னாலேயே நடந்து போயிற்று. மாமா வந்தார். "என் மாமா, அடைப்புக்குறி, மாணவர் தம் மாமன் பெயரை இங்கே எழுதிக்கொள்க, அடைப்புக்குறி, என்னை அன்புடன் அழைத்துச் சென்றார்" என்றாள். ஒரு தடங்கல் இல்லை. பாறை, வழுக்கல், பெரியவர், மாட்டுவண்டி, முடிவுரை. முடித்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

எண்ணெய் தேய்க்கிறவர், "பாவம் அந்த மாமா" என்றார்.

"அடைப்புக்குறி வந்த இடத்துல உன் மாமா பேரை எழுதணும்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார் சீஃப் எக்ஸாமினர். அவர் குரல் இறங்கியிருந்தது.

"எனக்குத் தெரியும் ஐயா."

"பின்னே ஏன் எழுதலை?"

"எனக்கு மாமா கெடையாது ஐயா."

அவர் பேப்பரும் பேனாவும் கொண்டுவரச் சொன்னார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே எழுதினார். காப்பி நடக்கவில்லை, ரிசல்ட்டை வெளியிடலாம், கட்டுரைக்குமட்டும் மார்க் தரவேண்டாம் என்று எழுதியதாகப் படித்துக் காட்டினார். பின்னால் ரிசல்ட் வந்தபோது, மற்ற கேள்விகளில் ஞானம் நன்றாக எழுதியிருந்ததால் கட்டுரை மார்க் இல்லாமலே பாஸ். மற்ற பிள்ளைகளிலும் அநேகம் பேர் அப்படியே தப்பித்தார்கள். தப்பாதவர்களும் இருந்தார்கள்.

அவர் அதைப் படித்துக் காட்டியபோதே யேசடியாள் வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள்.

ஏழு: முதலாளியின் கோபம்

அருவிக்குப் போகும் வண்டியில் என்னை ஏற்றவில்லை. விருந்தாளி ஊருக்குப் போன பிறகு முதலாளி என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. "ஒம்ம வேலை போச்சு, நோட்ஸும் போச்சு, எல்லாம் போச்சு" என்றார். உத்தரவும் வந்தது. எங்கள் நோட்ஸை மாணவர்கள் வாங்கக்கூடாது என்று பள்ளிக்கூடங்களில் பிரேயர் நேரத்தில் படித்தார்கள். அதுவரை எங்கள் புத்தகத்தைக் கேள்விப்படாத பிள்ளைகளெல்லாம் கேள்விப்பட்டார்கள். அந்த வருஷம் திரும்பத் திரும்ப அச்சடிக்க வேண்டியதாயிற்று. முதலாளி என் வேலையைப் பற்றிய பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. சம்பளத்தைப் பற்றிய பேச்சையும் எடுக்கவில்லை. நான் பழையபடி புரூஃபில் உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அலுப்புதான் இருந்தது. இந்தத் தொழிலில் அது போகவே போகாது.

எட்டு: அவள் சொன்னது

பாளையங்கோட்டைக்குப் புறப்படுவதற்கு முன்னால் ஞானம் பிரஸ்ஸுக்கு வந்தாள். அம்மா கொடுத்தனுப்பிய மங்குஸ்தான்களை என் மேஜையில் வைத்தாள். எனக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டேன்.

"சீசன் பூரா அருவிக்கரையிலேயே இருக்கிறவ நீ. எவ்வளவு பாத்திருப்பே? அதை எழுதியிருந்தா கட்டுரைக்கு மார்க்கும் விழுந்திருக்கும், இந்தப் பாடும் பட்டிருக்க வேண்டாம். எதுக்கும்மா இந்த மாமாவைப் போய்ப் பிடிச்சே?"

"நோட்ஸ்ல இல்லாதத எழுதப் பயமா இருந்துச்சு ஐயா" என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் அதோடு விட்டிருப்பேன். பிள்ளைகள் வழக்கமாகச் சொல்கிற பதில்தான். அவள் போகவும் திரும்பினாள். வாசல்வரை போய்விட்டு நின்றாள்.

"அது மட்டும் இல்ல ஐயா. நான் அருவியில குளிச்சதே கெடையாது. சீசன்ல ஏவாரத்த விட்டுட்டு வரமுடியாதுல்லா. கூடய ஆரு பாப்பா? குளிச்சிட்டு ஈரத்தோட வாற பிள்ளைகளத்தான் பாத்துட்டே இருப்பேன். அந்தக் கட்டுரைய மனப்பாடம் பண்ணயில நல்லா இருந்துச்சு ஐயா. மாமா கூட்டிட்டுப் போறாவ, குளிக்கோம், வண்டியில திரும்பி வாரோம். பரீட்சை ஹால்ல எழுதயில எனக்கு மேலெல்லாம் குளுந்துச்சு."

பிள்ளைகள் மார்க்குக்காகத்தான் என் நோட்ஸைப் படிக்கிறார்கள் என்று அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சலித்துப்போய் எழுதிய வரிக்குள்ளே ஒரு பிள்ளை குளிக்கப் போயிருக்கிறது.

நோட்ஸ் எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அலுப்பாகத்தான் இருக்கும். அலுப்போடுதான் எழுதுவீர்கள். ஆனால் நீங்கள் எழுதுகிற இடத்துக்கெல்லாம் சில பிள்ளைகள் நிஜமாகவே போய் வருவார்கள். அங்கே அவர்களைப் பார்த்துப் பத்திரமாக நடத்திப்போங்கள்.

அடுத்த பதிப்புக்கு மெஷினில் அச்சுப் பாரம் ஏற்றியபோது அந்தக் கட்டுரையையே எடுத்துவிடும்படி முதலாளி சொன்னார். நான் எடுக்கவில்லை. அடைப்புக்குறியை எடுத்தேன். பாறையையும் வழுக்கலையும் காப்பாற்ற வந்த பெரியவரையும் எடுத்தேன். சம்பவம் இல்லாமல் மார்க் விழாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பெண் வேண்டுமட்டும் குளித்துவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.